டிரா ஆனால் கறுப்புக்கே கிண்ணம்: ஆர்மகெடான் ஆட்டம் நடக்கும் விதம்

கடைசி ஆட்டம் டிரா. இரு பெண்களும் எழுந்து கைகுலுக்குகிறார்கள். ஆனால் ஒருவர் தேசிய வெற்றியாளர், மற்றவருக்கு இரண்டாமிடம். டிரா என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி என்று மட்டும் அறிந்தவருக்கு இது விளங்காது. கோலாலம்பூரில் பிள்ளைகளை வார இறுதிச் சதுரங்கப் போட்டிகளுக்குக் கூட்டிச் செல்லும் தமிழ்ப் பெற்றோரின் புலனக் குழுக்களில், இப்படியொரு முடிவு செய்தியில் வந்தால் எழும் கேள்வி இதுதான்: சரிசமமாக ஆடியவரை எப்படித் தோற்றவர் என்கிறார்கள்?

அந்த ஆட்டத்துக்கு ஆர்மகெடான் என்று பெயர். சமநிலையை உடைக்க வேறு வழி இல்லாதபோது கடைசியாக ஆடப்படுவது. அதன் விதி இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரி பலகையின் மேல் என்னென்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, 2008ஆம் ஆண்டு அமெரிக்க மகளிர் தேசியப் போட்டியில் ஐரினா கிரஷும் அன்னா ஸடோன்ஸ்கியும் ஆடிய ஆட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அதற்குப் போகுமுன் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

## சமநிலையும் அதை உடைக்கும் வழிகளும்

தேசியப் போட்டிகள் பெரும்பாலும் 9 சுற்றுகளைச் சுற்றியே நடக்கின்றன. வெற்றிக்கு 1, டிராவுக்கு ½. முன்னணியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் டிரா செய்துகொண்டு மற்றவர்களை வென்றால், கடைசியில் இருவர் ஒரே புள்ளியில் நிற்பது இயல்பு. அப்போது இரண்டு பாதைகள் உண்டு: தாளில் கணக்குப் போடுவது, அல்லது மீண்டும் ஆட வைப்பது.

தாள் கணக்கில் நம் ஊர்ப் போட்டிகளில் அதிகம் அடிபடும் பெயர் புக்ஹோல்ஸ். நீங்கள் சந்தித்த எதிராளிகள் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை அது. இருவரும் 7 புள்ளி. ஒருவரின் எதிராளிகள் மொத்தம் 46 எடுத்திருக்கிறார்கள், மற்றவரின் எதிராளிகள் 44½. முதலாமவருக்கு முதலிடம். கடினமான எதிராளிகளைச் சந்தித்தவர் யார் என்று பார்க்கும் எண்ணம் நியாயமானதுதான். ஆனால் முதல் சுற்றில் உங்களோடு ஆடிய பிள்ளை காய்ச்சல் என்று மூன்றாம் சுற்றோடு வீட்டுக்குப் போய்விட்டால் உங்கள் கணக்கும் பாதிக்கப்படலாம். அதற்காகத்தான் மிகக் குறைந்த ஒரு எதிராளியின் புள்ளியை வெட்டிவிட்டுக் கூட்டும் முறையும் வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் எல்லாரோடும் ஆடும் போட்டியில் புக்ஹோல்ஸ் பயன்படாது. சமப் புள்ளி எடுத்த இருவருக்கும் எதிராளிகளின் கூட்டுத்தொகை ஒன்றாகவே வரும். அங்கே சோன்னபோர்ன்-பெர்கர் முறை வேண்டும்: வென்ற எதிராளிகளின் புள்ளிகளை முழுதாகவும், டிரா செய்தவர்களின் புள்ளிகளைப் பாதியாகவும் கூட்ட வேண்டும்.

பேரங்காடியின் நடுக்கூடத்தில் நூறு பேர் ஆடும் போட்டிக்குத் தாள் கணக்கு போதும். மாலை ஆறு மணிக்குள் பரிசு கொடுத்து மேசைகளை எடுத்தாக வேண்டும். தேசியப் பட்டம் என்று வரும்போது, தான் ஆடாத ஆட்டங்களின் முடிவால் பட்டம் கை நழுவுவதை எந்த ஆட்டக்காரரும் ஏற்பதில்லை. எனவே மீண்டும் பலகைக்கு அழைக்கிறார்கள்.

## ஏணியில் இறங்குவதுபோல் குறையும் நேரம்

மறு ஆட்டங்களில் நேரம் படிப்படியாகக் குறைக்கப்படும். உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே நேரத்தை வகுக்கும் முறை எளிது: அடிப்படை நேரத்தோடு, ஒரு நகர்வுக்குக் கூடும் விநாடியை 60ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். அப்படி நகர்வுதோறும் கூடும் விநாடியைத்தான் ஆட்டக்காரர்கள் இன்கிரிமென்ட் என்கிறார்கள்.

1. கிளாசிக்கல்: மொத்தம் 60 நிமிடம் அல்லது அதற்கு மேல். 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் என்றால் கணக்கு 120 நிமிடம்.
2. ரேபிட்: 10 நிமிடத்துக்கு மேல், 60க்குக் கீழ். 15 நிமிடமும் 10 விநாடியும் என்றால் 25.
3. பிளிட்ஸ்: 10 நிமிடம் அல்லது அதற்குள். 5 நிமிடமும் 3 விநாடியும் என்றால் 8.

இரண்டு ரேபிட் ஆட்டங்கள் ஆளுக்கொரு முறை வெள்ளையாக. அதிலும் சமம் என்றால் இரண்டு பிளிட்ஸ். அதிலும் சமம் என்றால் ஒரே ஒரு ஆட்டம், அதில் கட்டாயம் ஒருவர் வென்றாக வேண்டும். பலகையில் டிராவைத் தடுக்க முடியாது என்பதால் டிராவுக்கு ஓர் உரிமையாளரை முன்கூட்டியே நியமிக்கிறார்கள்.

## ஆர்மகெடானின் கணக்கு

விதி இதுதான். வெள்ளைக்கு நேரம் அதிகம். கறுப்புக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா ஆனால் கறுப்பு வென்றதாகக் கொள்ளப்படும்.

இந்தப் பேரத்தில் யாருக்கு லாபம்? சம பலமுள்ள இருவர் பத்து பிளிட்ஸ் ஆட்டம் ஆடி, வெள்ளை 4, கறுப்பு 4, டிரா 2 என்று முடிந்ததாக வைத்துக்கொள்வோம். ஆர்மகெடான் விதியில் அதே பத்து ஆட்டங்கள் 4க்கு 6 என்று கறுப்பின் பக்கம் சாய்ந்துவிடும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் வெள்ளைக்கு கூடுதல் நேரம். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு. வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4 என்று வைத்தவர்கள் உண்டு, 6க்கு 4½ வைத்தவர்கள் உண்டு. நோர்வே செஸ் போட்டியில் கிளாசிக்கல் ஆட்டம் டிரா ஆனவுடன் வெள்ளைக்கு 10, கறுப்புக்கு 7 நிமிடம் கொடுத்து ஆர்மகெடான் ஆட வைக்கிறார்கள். 2024இல் தொடங்கிய அதன் மகளிர் பிரிவிலும் இதே முறைதான்.

நேரத்தைப் போட்டி அமைப்பாளர் ஊகிப்பதைவிட ஆட்டக்காரர்களையே கேட்டுவிடலாம் என்பது இன்னொரு வழி. வெள்ளைக்கு ஒரு நேரம் நிலையாக வைக்கப்படும். “எத்தனை நிமிடம் கிடைத்தால் நான் கறுப்பாக ஆடத் தயார்” என்று இருவரும் மூடிய உறைக்குள் எழுதித் தர வேண்டும். குறைவாகக் கேட்டவருக்குக் கறுப்பும் டிரா உரிமையும். 2010ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தது இந்த முறைதான்: கேட்டா காம்ஸ்கி 25 நிமிடம் போதும் என்று எழுதினார், எதிராளி யூரி ஷுல்மனுக்கு வெள்ளையுடன் 60 நிமிடம். ஆட்டம் டிரா, பட்டம் காம்ஸ்கிக்கு. தோற்றவர் குறை சொல்ல இதில் இடமே இல்லை. விலையை நிர்ணயித்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆர்மகெடானில் ஆட்டமே மாறிவிடுகிறது. கறுப்பு டிராவை நோக்கி ஆடும்: ராணிகளை மாற்றிக்கொள்ளும், சிப்பாய் வரிசையைப் பூட்டிவைக்கும், ஒரே நிலையை மும்முறை கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைக்குக் காய்களை மாற்றிக்கொள்வது ஆகாது. பலகையில் காய்கள் நிறைய இருந்தால்தான் குழப்பமும் வெற்றி வாய்ப்பும் இருக்கும். டிராவுக்கு ஒப்புக்கொண்டால் வெள்ளை தோல்விக்கே ஒப்புக்கொண்டதாகும் என்பதால், வழக்கமான ஆட்டத்தில் டிரா என்று கைகொடுத்துவிடும் நிலைகளிலும் வெள்ளை விடாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும். கடைசி விநாடிகளின் களேபரம் அங்கேதான் முளைக்கிறது.

## டல்சா, 2008

ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் அந்த ஆண்டு அமெரிக்க மகளிர் தேசியப் போட்டி நடந்தது. கிரஷ், ஸடோன்ஸ்கி இருவருமே உக்ரைனில் பிறந்தவர்கள். கிரஷ் 1998இல் தம் 14ஆம் வயதிலேயே இந்தப் பட்டத்தை வென்றவர், 2007இலும் வென்றவர். ஸடோன்ஸ்கி 2006இன் வெற்றியாளர். முதலிடத்தில் இருவரும் சமமாக நின்றார்கள். ரேபிட் ஆட்டங்களும் பிளிட்ஸ் ஆட்டங்களும் முடிவைத் தரவில்லை. ஆர்மகெடான் வந்தது.

கிரஷுக்கு வெள்ளை, 6 நிமிடம். ஸடோன்ஸ்கிக்குக் கறுப்பு, 4½ நிமிடம், டிரா உரிமையும் சேர்த்து. இன்கிரிமென்ட் கிடையாது.

இந்த எண்களை விநாடியாக்கிப் பாருங்கள். 360க்கு 270. ஆட்டம் 60 நகர்வு போனால் வெள்ளைக்கு ஒரு நகர்வுக்கு 6 விநாடி, கறுப்புக்கு 4½. 90 நகர்வு போனால் 4, 3. அதுவும் எல்லா நகர்வுக்கும் ஒரே அளவாகச் செலவாவதில்லை. நடு ஆட்டத்தில் ஒரு சிக்கலுக்கு 40 விநாடி யோசித்தால், அந்த 40ஐக் கடைசியில்தான் கொடுத்தாக வேண்டும். இருவரும் கடைசியில் விநாடிக் கணக்கில் வந்து நின்றார்கள். காயை எடுத்து வைப்பதும் கடிகாரத்தை அடிப்பதும் தவிர வேறொன்றுக்கும் நேரமில்லாத கட்டம் அது. கிரஷின் நேரம் முடிந்தது. ஸடோன்ஸ்கியின் கடிகாரத்தில் மிஞ்சியது ஒரு விநாடி.

ஆட்டம் காணொளியில் பதிவாகியிருந்தது. பிறகு கிரஷ் ஒரு திறந்த மடல் எழுதினார். தாம் நகர்வை முடிக்கும் முன்பே எதிராளி பதில் நகர்வை வைத்ததாகவும், அதனால் எதிராளியின் கடிகாரம் ஓட வேண்டிய அளவுக்கு ஓடவில்லை என்றும் அதில் குற்றஞ்சாட்டினார். முடிவு மாறவில்லை, பட்டம் ஸடோன்ஸ்கியிடமே இருந்தது. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

“பெண்கள் பதற்றப்பட்டுவிட்டார்கள்” என்ற ரகப் பேச்சை ஒதுக்கிவிடலாம். ஒரு விநாடிக்கு ஒரு நகர்வு ஆட வேண்டிய நிலையில் எந்தக் கிராண்ட்மாஸ்டரின் கையும் நிதானமாக இருக்காது. 2010இல் காம்ஸ்கியும் ஷுல்மனும் 25க்கும் 60க்கும் ஆடியது இதே நாட்டில், இதே தரத்துப் பட்டத்துக்காக. அவர்களுக்கு யோசிக்க நேரம் கொடுக்கப்பட்டது. டல்சாவில் கொடுக்கப்படவில்லை.

## நகர்வு வைக்கப்படுவது வேறு, முடிவது வேறு

அந்த வாதத்தின் மையத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பள்ளி அளவில் பயிற்சி கொடுப்பவர்களே இதைத் தவறாகச் சொல்லிக்கொடுப்பதுண்டு. இன்றைய ஃபிடே விதிகளின்படி ஒரு நகர்வுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு.

முதல் கட்டம்: காயைப் புதிய கட்டத்தில் வைத்துக் கையை எடுப்பது. அந்த நொடியில் நகர்வு வைக்கப்பட்டுவிட்டது, இனி மாற்ற முடியாது, ஆடும் முறையும் எதிராளிக்குப் போய்விட்டது. இரண்டாம் கட்டம்: கடிகாரத்தை அடிப்பது. அப்போதுதான் நகர்வு முடிகிறது. இரண்டுக்கும் இடையில் கழியும் நேரம் காயை வைத்தவரின் கணக்கில்தான் போகும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, எதிராளி காயை வைத்துக் கையை எடுத்தவுடன், அவர் கடிகாரத்தை அடிக்கும் முன்பே நீங்கள் பதில் நகர்வை வைக்கலாம், அது குற்றமல்ல. மற்றொன்று, அப்படி நீங்கள் முந்திக்கொண்டாலும், அவர் தம் கடிகாரத்தை அடிக்க நீங்கள் இடங்கொடுத்தாக வேண்டும். அவர் அடித்த பிறகுதான் நீங்கள் அடிக்கலாம்.

குற்றமாவது எது? எதிராளியின் கை இன்னும் காயின் மேல் இருக்கும்போதே, அல்லது அவர் காயைத் தொடும் முன்பே, உங்கள் காயை நகர்த்துவது. அப்போது முறை உங்களுடையதல்ல. ஒரு விநாடிக்கு ஒரு நகர்வு என்ற வேகத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கண்ணிமைப்பதைவிடக் குறைவு. அருகில் நிற்கும் நடுவருக்கே நிச்சயமாகச் சொல்ல முடியாது. காணொளியை மெதுவாக ஓட்டினால்தான் தெரியும். ஆட்டத்தின் நடுவே யார் காணொளி பார்ப்பது?

## கடைசி இருபது விநாடிகளில் கெட்டுப்போகும் காரியங்கள்

பிளிட்ஸ் ஆட்டம் நடத்தும் நடுவர்கள் திரும்பத் திரும்பச் சந்திப்பவை இவை.

1. காய் சாய்வது. யானையை வேகமாக இழுக்கும்போது பக்கத்துக் குதிரை விழுகிறது. சாய்த்தவர்தான், தம் நேரத்தில்தான், அதை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாமல் கடிகாரத்தை அடித்துவிட்டால் எதிராளி கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடலாம்.

2. இரண்டு கைகள். ஒரு கையால் நகர்த்தி மறு கையால் கடிகாரத்தை அடிக்கக் கூடாது; நகர்த்திய கைதான் அடிக்க வேண்டும். கோட்டை கட்டும்போதோ, காயை வெட்டும்போதோ, சிப்பாயை ராணியாக்கும்போதோ இரு கைகளையும் பயன்படுத்திக் கடிகாரத்தையும் அடித்தால், விதி மீறிய நகர்வுக்குரிய அதே தண்டனை.

3. சிப்பாய் எட்டாம் வரிசையை எட்டி அங்கேயே சிப்பாயாக நிற்பது. காயை மாற்றாமல் கடிகாரத்தை அடித்தால் அது விதி மீறிய நகர்வு. மாற்ற ராணி கையில் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்கலாம், அதற்கு உரிமை உண்டு. யானையைக் கவிழ்த்து வைத்து அதை ராணி என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. விதியில் கவிழ்த்த யானை யானைதான்.

4. நகர்த்தாமலேயே கடிகாரத்தை அடிப்பது. பதற்றத்தில் கை தானாகப் போய்விடும். இதற்கும் விதி மீறிய நகர்வுக்கான தண்டனைதான்.

5. கடிகாரத்தின் மேலேயே விரலை வைத்திருப்பது, பொத்தானுக்கு மேல் கையை நிழலாட விடுவது. இரண்டுக்கும் தடை. ஓங்கி அடிப்பதற்கும், கடிகாரத்தைத் தள்ளிவிடுவதற்கும் தண்டனை உண்டு.

விதி மீறிய நகர்வுக்கு முதல் முறை எதிராளிக்குக் கூடுதல் நேரம்: கிளாசிக்கலிலும் ரேபிட்டிலும் 2 நிமிடம், பிளிட்ஸில் 1 நிமிடம். இரண்டாம் முறை ஆட்டமே போய்விடும். நாலரை நிமிட ஆட்டத்தில் ஒரு நிமிடம் என்பது பெரும்புதையல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பலகைக்கு ஒரு நடுவர் இல்லாத சாதாரண பிளிட்ஸ் போட்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. விதி மீறிய நகர்வை நடுவர் பார்க்கவில்லை என்றால் நீங்கள்தான் முறையிட வேண்டும், அதுவும் உங்கள் அடுத்த நகர்வை வைக்கும் முன்பு. ஆடிவிட்டீர்களென்றால் அந்தத் தவறு அப்படியே நிலைத்துவிடும். ஆட்டம் முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

## நேரம் முடிந்தால் எப்போதும் தோல்விதானா?

இல்லை. நேரம் முடிந்தவரின் எதிராளியிடம், எப்படி ஆடினாலும் செக்மேட் செய்யவே முடியாத அளவு காய்களே மிஞ்சியிருந்தால் ஆட்டம் டிரா. ஆர்மகெடானில் இந்தச் சிறு விதி பெரிய வேலை செய்கிறது.

வெள்ளையின் நேரம் முடிந்தால் கதை அத்தோடு சரி. தோல்வியானாலும் டிராவானாலும் பட்டம் கறுப்புக்கே. கறுப்பின் நேரம் முடியும்போதுதான் காய்களை எண்ண வேண்டும். வெள்ளையிடம் ராஜா மட்டுமே இருந்தால் டிரா, எனவே பட்டம் கறுப்புக்கு. வெள்ளையிடம் ஒற்றைச் சிப்பாய் இருந்தாலும் போதும், அது ராணியாக வாய்ப்புண்டு என்பதால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளையிடம் ராஜாவும் குதிரையும், கறுப்பிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் என்றால்? கறுப்பு தானே வலியப்போய்ச் சிக்கிக்கொண்டால் மேட் ஆகும் நிலை ஏட்டளவில் உண்டு. ஆகவே வெள்ளைக்கு வெற்றி. அதே குதிரைக்கு எதிரே கறுப்பு ராஜா தனியாக இருந்தால் எந்த வழியிலும் மேட் இல்லை. அந்த நிலை வந்த நொடியிலேயே ஆட்டம் டிராவில் முடிந்துவிடுகிறது, யாருடைய கடிகாரம் என்ன காட்டினாலும்.

நேரம் குறைந்த கறுப்பு இதை அறிந்திருந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரே வேலைதான்: வெள்ளையின் கடைசிச் சிப்பாயை என்ன விலை கொடுத்தாவது வெட்டுவது. குதிரையைப் பலி கொடுத்தாலும் சரி. வெள்ளையிடம் மிஞ்சுவது ஒற்றைக் குதிரையோ ஒற்றை மந்திரியோ என்றால், எதிரே தனி ராஜாவாக நின்றே பட்டம் வாங்கிவிடலாம். வெள்ளை இதற்கு நேர்மாறாக, தேவையில்லாத ஒரு சிப்பாயையாவது ஓரத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மும்முறை ஒரே நிலை வருவதும் கறுப்புக்குச் சாதகம். ஆனால் அதைக் கோரினால் நிரூபிக்க வேண்டும். பிளிட்ஸில் ஆட்டக்காரர்கள் நகர்வுகளை எழுதுவதில்லை. ஆகவே பட்டத்துக்கான ஆட்டத்தில் ஒரு நடுவர் கடிகாரத்தைப் பார்க்க, இன்னொருவர் நகர்வுகளை எழுத வேண்டும். மின்னணுப் பலகை நகர்வுகளைத் தானே பதியும் என்றாலும், காய்கள் கட்டத்தின் நடுவில் நிற்காமல் கோட்டின் மேல் நின்றால் அதுவும் குழம்பும்.

## இரண்டு மூன்று விநாடி செய்யும் வித்தியாசம்

காயை எடுத்து வைத்து, கையைக் கடிகாரத்துக்குக் கொண்டுபோய் அடிக்க, கைப்பழக்கம் உள்ளவருக்கே கிட்டத்தட்ட ஒரு விநாடி பிடிக்கும். நகர்வுக்கு 2 விநாடி இன்கிரிமென்ட் இருந்தால் அந்தக் கைவேலைக்கான நேரம் ஒவ்வொரு முறையும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. வென்ற நிலையில் இருப்பவர் வென்று முடிக்கலாம், டிரா நிலையில் இருப்பவர் டிராவைக் காக்கலாம். இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டத்தில் கடைசி 15 விநாடிக்குப் பிறகு பலகையில் என்ன நிலை என்பதே பொருட்டல்ல. யாருடைய கை வேகமானது என்பதுதான் போட்டி. கால்பந்தின் பெனால்டியையாவது பந்தை உதைக்கத் தெரிந்தவர்தான் அடிக்கிறார்.

1 விநாடி இன்கிரிமென்ட் அரைகுறை மருந்து. கைவேலைக்கே அது சரியாகப் போய்விடும், யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. 41ஆம் நகர்விலிருந்தோ 61ஆம் நகர்விலிருந்தோ மட்டும் இன்கிரிமென்ட் கொடுக்கும் ஏற்பாடுகளும் உண்டு. முடிவில்லாமல் இழுப்பதைத் தடுக்கவும் கடைசி விநாடிக் களேபரத்தைத் தவிர்க்கவும் ஒரு சமரசம்.

ஃபிடே தன் உலகக் கோப்பையில் 2023 முதல் ஆர்மகெடானையே கைவிட்டது. ரேபிட்டும் பிளிட்ஸும் முடிவு தரவில்லை என்றால் 3 நிமிடமும் 2 விநாடியுமாக, இருவருக்கும் சம நேரத்தில், யாராவது வெல்லும்வரை ஆட்டங்கள் தொடரும். டிரா அங்கே வெறும் டிராதான். 2025 மகளிர் உலகக் கோப்பை இறுதியில், ஜார்ஜியாவின் பத்துமி நகரில், திவ்யா தேஷ்முக்கும் கோனேரு ஹம்பியும் ஆடிய இரண்டு கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. இன்கிரிமென்ட் உள்ள ரேபிட் ஆட்டங்களிலேயே 1½–½ என்று திவ்யா வென்றார். ஹம்பிக்கு நேர நெருக்கடி இருந்தது, தவறும் நேர்ந்தது. ஆனால் முடிவைத் தந்தது பலகையில் நடந்த தவறு. எந்தப் பக்கமும் புகார் எழவில்லை.

தேசியப் பட்டம் ஒன்றை இன்கிரிமென்ட் இல்லாத ஆர்மகெடானில் முடிவுசெய்வது என் கணிப்பில் அமைப்பாளரின் தவறு, ஆட்டக்காரரின் தவறல்ல. மண்டபத்தை ஏழு மணிக்குக் காலி செய்ய வேண்டும், விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்ற காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நகர்வுக்கு 2 விநாடி சேர்த்தால் 60 நகர்வு ஆட்டத்துக்கு இருவருக்குமாகக் கூடுவது மொத்தம் 4 நிமிடம். அந்த நான்கு நிமிடம் இல்லாத மண்டபம் எதுவும் இல்லை.

## கோலாலம்பூரில் ஆடப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

மிட் வேலி சிட்டிடெல் ஹோட்டலில் பல ஆண்டுகள் நடந்த மலேசியச் சதுரங்க விழா போன்ற பெரிய போட்டிகளிலிருந்து பள்ளி மாவட்டப் போட்டிகள் வரை, ஒவ்வொன்றுக்கும் தனி ஒழுங்குவிதிகள் உண்டு. ஒரு போட்டியின் வழக்கத்தை இன்னொன்றில் எதிர்பார்த்து ஏமாறுவதுதான் அதிகம். கட்டணம் கட்டுமுன் ஒழுங்குவிதித் தாளில் இவற்றைத் தேடுங்கள்.

1. சமநிலைக்கு என்ன வழி, எந்த வரிசையில்? நேரடி ஆட்டத்தின் முடிவா, புக்ஹோல்ஸா, மறு ஆட்டமா? மறு ஆட்டம் முதலிடத்துக்கு மட்டுமா, தகுதி பெறும் எல்லா இடங்களுக்குமா?

2. இன்கிரிமென்ட் உண்டா? “25 நிமிடம்” என்று மட்டும் எழுதியிருந்தால் இல்லை என்று எடுத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். இல்லாத போட்டிக்குத் தயாராகும் பிள்ளை, வென்ற நிலையை 30 விநாடியில் முடிக்கும் பழக்கத்தைத் தனியாகப் பயில வேண்டும்: ராணியும் ராஜாவும் கொண்டு மேட் செய்வதை 15 விநாடியில், யானையும் ராஜாவும் கொண்டு 30 விநாடியில்.

3. ஆர்மகெடான் என்றால் நிறத்தை யார் தேர்வு செய்வது? நாணயச் சுண்டலில் வென்றவர் தேர்வு செய்வது வழக்கம். வேகமாக ஆடுபவர், தற்காப்பில் பொறுமையுள்ளவர் கறுப்பை எடுக்கலாம். யோசித்து ஆடுபவருக்கு வெள்ளையின் கூடுதல் நேரம் உதவும், ஆனால் வென்றே ஆக வேண்டும்.

4. கடிகாரம் எந்தப் பக்கம்? அதை நடுவர் தீர்மானிக்கிறார். நகர்த்திய கைதான் அடிக்க வேண்டும் என்பதால் வலக்கைக்காரருக்கு வலப்பக்கக் கடிகாரம் ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தும். நீங்கள் இடக்கைக்காரரானால் உட்காருமுன் சிந்தியுங்கள்.

5. மேல்முறையீட்டுக்கு யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள்? பெரும்பாலும் எழுத்தில் கொடுக்க வேண்டும், வைப்புத் தொகையும் கேட்பார்கள்; முறையீடு ஏற்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

எதிராளி முந்தி ஆடுகிறார், காயைச் சாய்க்கிறார் என்று பட்டால், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கடிகாரத்தின் நடுவிலுள்ள நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள். எதிராளியோடு வாதாட வேண்டாம், காயைத் தொட வேண்டாம், திரையிலுள்ள எண்களை அப்படியே விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகள் பலர் பெரியவர்களுக்கு எதிரே ஆடும்போது கையைத் தூக்கக் கூச்சப்படுகிறார்கள். எதிரே இருப்பவர் ஆசிரியரோ அக்காவோ ஆனாலும் நடுவரைக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு அல்ல. ஆட்டம் முடிந்து பெற்றோரிடம் போய் அழுதபின் நடுவர் கையில் இருப்பது கையெழுத்திட்ட முடிவுத் தாள் மட்டுமே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: நேரம் முடிந்துவிட்டது என்று பார்வையாளர் பக்கத்திலிருந்து கூவக் கூடாது. நேரம் முடிந்ததைச் சொல்லும் உரிமை ஆட்டக்காரருக்கும் நடுவருக்கும் மட்டும் உண்டு. வெளியிலிருந்து வாய் திறந்தவரை மண்டபத்தைவிட்டு வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது.